ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ வாசிப்பதைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு

ஒரு முழு அளவு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் பிரிவில் மட்டும் பதினான்கு முதல் பதினாறு பேர் வரை அமர்ந்திருப்பார்கள். நாணல் இதழ்களை வாயில் வைத்து ஊதும் மரக் குழல் கருவியான ஓபோவை வாசிப்பவர்களோ மொத்தமே மூவர், மிஞ்சினால் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் ஓய்வு பெற வேண்டும் அல்லது வேறு குழுவுக்குப் போக வேண்டும். அப்போதுதான் ஓர் இடம் காலியாகும். முதன்மை ஓபோ நாற்காலியில் அமர்ந்தவர்கள் எளிதில் எழுந்திருப்பதும் இல்லை. மார்செல் தபுத்தோ பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவில் 1915 முதல் 1954 வரை இருந்தார். ரே ஸ்டில் சிகாகோ சிம்பொனியில் 1953 முதல் 1993 வரை இருந்தார். ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்து நரைக்கும் வரை அந்த இரண்டு ஊர்களிலும் முதன்மை ஓபோவுக்கு இடம் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இந்தக் கணக்கை அறிந்த பிறகும் இத்துறைக்குள் வர விரும்புகிறவர்களுக்காகவே இக்கட்டுரை. பிரிட்டனில் நடைமுறை எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, ஜெர்மனியும் அமெரிக்காவும் வேறுபடும் இடங்களில் அவற்றைத் தனியே குறிப்பிடுகிறேன். லண்டனிலோ டொராண்டோவிலோ பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் பிள்ளையின் கையில் ஓபோ வந்து சேர்ந்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பயன்படக்கூடிய செய்திகள் உண்டு. தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஓபோக் கலைஞரின் வாழ்க்கையில் மேடையை விட, சீவாளி எனப்படும் அந்த நாணல் இதழைச் செய்யும் மேசைக்கே அதிக நேரம் போகிறது. கையில் கத்தியை வைத்துக்கொண்டு நாள்தோறும் தனியாக உட்கார்ந்து நாணலைச் சீவுவது ஒருவருக்குத் தண்டனையாகத் தோன்றினால், அவருக்கு எத்தனை இசை ஞானம் இருந்தாலும் வேறு கருவியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

முதல் படி: கருவி

பிள்ளைகள் பொதுவாக ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் ஓபோவைத் தொடங்குகிறார்கள். இரண்டு உதடுகளையும் பற்களின் மேல் உள்நோக்கி மடித்து அவற்றுக்கு இடையே சீவாளியைப் பிடிக்க வேண்டியிருப்பதால், முன்பற்கள் விழுந்து முளைத்து உறுதியாகும் வரை காத்திருப்பது வழக்கம். அதுவரை ரிக்கார்டர் குழல் வாசித்துப் பழகியவர்களுக்கு விரல் அமைப்பில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

உடனே கருவி வாங்கிவிட வேண்டாம். பள்ளி அல்லது வட்டார இசைச் சேவை கருவியை இரவல் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். ஓபோ படிக்க ஆள் கிடைக்காத ஊர்களில் மகிழ்ச்சியோடு தருவார்கள். லண்டனின் ஹோவர்த் போன்ற கடைகள் வாடகைக்கும் தருகின்றன. வாங்கும் நிலை வரும்போது, பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து அங்கேயே கருவிப் பயிற்சியும் பெற்றுவந்தால், பள்ளியின் வழியாக வாங்கி மதிப்புக்கூட்டு வரியைத் தவிர்க்கும் திட்டம் ஒன்று பிரிட்டனில் உண்டு. வரி இருபது விழுக்காடு என்பதால் மிச்சமாகும் தொகை சிறியதன்று. ஆனால் கடையில் பணம் கட்டிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

பிரிட்டனில் விற்கும் மாணவர் கருவிகள் பலவற்றில் இடது கட்டைவிரலுக்கு ஒரு தகடு இருக்கும். அந்த விரலைத் தூக்கினால் சில ஸ்வரங்கள் பிறக்கும். உலகின் மற்றப் பகுதிகளில் புழங்குவது பாரிஸின் இசைக் கல்லூரியான கன்சர்வத்வாரின் பெயர் கொண்ட முறை. அதில் அதே ஸ்வரங்களுக்கு வலது சுட்டுவிரலைச் சேர்க்க வேண்டும். இரண்டு முறைகளையும் ஒன்றாகக் கொண்ட கருவிகளும் கிடைக்கின்றன. வெளிநாடு போகும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் தகடு மட்டும் உள்ள கருவியில் பணத்தைப் போடாதீர்கள்.

தொழில்முறைக் கருவி என்றால் பாரிஸின் லோரே, மாரிகோ, ரிகுத்தா, லண்டனின் ஹோவர்த் ஆகிய பெயர்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். புதிதாக வாங்கினால் விலை பத்தாயிரம் பவுண்டை நெருங்கும், தாண்டுவதும் உண்டு. பெரும்பாலானவை கிரெனடில்லா எனப்படும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்தவை. புது மரத்தை முதல் சில வாரங்களுக்கு நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வாசிக்கக் கூடாது. உள்ளே மூச்சின் வெப்பமும் ஈரமும், வெளியே குளிர்ந்த காற்றும் சேர்ந்தால் மேல் பகுதி விரிசல் விடும். அதுவும் பெரும்பாலும் சிறு துளைகளை ஒட்டியே விடும். பழைய கருவியை வாங்கும்போது வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். விசைகளின் மேல் காணப்படும் பொடித் திருகாணிகளைத் தெரியாமல் திருப்பிவிட்டால் கீழ் ஸ்வரங்கள் அனைத்தும் அடைத்துக்கொள்ளும். திருகாணியைத் தொடும் உரிமை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆசிரியருடையது.

இரண்டாம் படி: சீவாளி

நாகஸ்வரத்தைப் போலவே ஓபோவும் இரட்டை இதழ்ச் சீவாளியில் பேசும் கருவி. நாகஸ்வரக் கலைஞர்களுக்குத் திருவாவடுதுறைப் பக்கம் சீவாளி செய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் தொழில் செய்யும் ஓபோக் கலைஞரோ, அரிதான விதிவிலக்குகள் தவிர, தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கிறார். கடையில் வாங்கிய சீவாளி பள்ளி மாணவருக்குப் போதும். தொழிலில் அது போதாது. ஏனென்றால் அடுத்த வாரம் வாசிக்கப்போகும் பாடலுக்கு, அந்த அரங்கின் குளிருக்கு, உங்கள் உதட்டுக்கு ஏற்ற சீவாளியைக் கடைக்காரரால் முன்கூட்டியே அறிந்து செய்ய முடியாது.

நாணல் பெரும்பாலும் தெற்குப் பிரான்சின் வார் மாவட்டத்திலிருந்து வருகிறது. ஓபோவுக்கு ஏற்ற தண்டின் குறுக்களவு பத்து முதல் பதினொரு மில்லிமீட்டர். தண்டை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, வளைந்தவற்றை ஒதுக்கிவிட்டு, நேரானதை நீரில் ஊறவைத்து, குடையும் கருவியில் வைத்து உட்புறத்தைச் சீவ வேண்டும். நடுவில் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் கனம் நிற்க வேண்டும். இரு ஓரங்களிலும் அதைவிட மெலிய வேண்டும். பிறகு அதை நடுவில் மடித்து, எஃகு அச்சில் பொருத்தி, அச்சின் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் அரிந்தால் இதழின் வடிவம் கிடைக்கும். இதை 47 மில்லிமீட்டர் நீளமுள்ள உலோகக் குழலின் மேல் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். நாகஸ்வரத்தில் சீவாளியைத் தாங்கும் கெண்டை என்னும் சிறு குழல் செய்யும் வேலையை இங்கே இந்தக் குழல் செய்கிறது. நூல் சுற்று குழலின் மேல் விளிம்பில் சரியாக முடிய வேண்டும். ஒரு சுற்று மேலே ஏறினாலும் இதழ் அதிர்வதை அது கழுத்தைப் பிடித்ததுபோல் நிறுத்திவிடும்.

கட்டியதை ஓர் இரவாவது காய விட்டு, மறுநாள் நுனியை வெட்டித் திறந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இரண்டு இதழ்களுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி, கத்தியை ஏறத்தாழச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை நோக்கிச் சீவ வேண்டும். நுனி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும். அதன் பின்னால் நடுப்பகுதி கனமாக நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சரிவில்தான் நாதத்தின் குணம் முழுவதும் இருக்கிறது. நான்கு இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, சீவாளியை மட்டும் வாயில் நூல் கட்டு வரை வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். நல்ல சீவாளி இரண்டு ஸ்தாயிகள் சேர்ந்தாற்போல் கரகரக்கும். கனமானது வெறும் காற்றாகச் சீறும். அளவுக்கு மேல் சீவியது கட்டுப்பாடு இல்லாமல் கத்தும். கனமானதைத் திருத்தலாம். அளவுக்கு மேல் சீவியதைத் திருத்த வழியில்லை, அது குப்பைக்குத்தான்.

இவ்வளவும் செய்து முடித்த ஒரு நல்ல சீவாளியின் ஆயுள் பத்து, பதினைந்து மணி நேர வாசிப்பு. அதற்குள் அது முதலில் முரண்டு பிடித்து, பிறகு இணங்கி, உச்சம் தொட்டு, தளர்ந்துவிடும். கச்சேரி நாளன்று உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே அதைப் பழக்கத் தொடங்க வேண்டும். எனவே தொழில்முறைக் கலைஞரின் பெட்டியில் வெவ்வேறு வயதில் பத்துப் பன்னிரண்டு சீவாளிகள் எப்போதும் இருக்கும். ஒவ்வொன்றிலும் கட்டிய தேதி குறித்திருக்கும். தாழ்ந்த ஸ்வரத்தில் மெல்லத் தொடங்க ஒன்று, நீண்ட மெல்லிசைக்கு ஒன்று, பித்தளைக் கருவிகளுக்கு மேல் கேட்க வேண்டிய பகுதிக்கு ஒன்று என்று குறித்து வைத்துக்கொள்வார்கள்.

கற்பவர் இதை எப்போது தொடங்க வேண்டும்? கல்லூரியில் சேருவதற்கு இரண்டு ஆண்டுகளாவது முன்பு என்பது என் கருத்து. குடையும் கருவி விலை கூடியது; அதை முதலில் வாங்க வேண்டியதில்லை. குடைந்து வடிவமைத்த நாணல் கடைகளில் கிடைக்கிறது. ஒரு நல்ல கத்தி, அதைத் தீட்டும் கல், தகடு, நூல், கட்டும்போது குழலைப் பிடிக்கும் கோல் ஆகியவை போதும். இவற்றில் கல்லைத்தான் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள். மழுங்கிய கத்தி நாணலைச் சீவாது, அழுத்தி நசுக்கும்; மாணவர்கள் நாணலின் மேல் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை கத்தியின் குறைகளே. விமானத்தில் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போட மறக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் நல்ல கத்தியைப் பறிகொடுத்தவர்கள் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: எந்த நாட்டுப் பாணி

பியானோ வாசிப்பவர் எந்த நாட்டிலும் அமர்ந்து வாசிக்கலாம். ஓபோவில் அப்படி முடியாது. பாரிஸில் ஜார்ஜ் ஜியேவிடம் பயின்ற தபுத்தோ, பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்து, அமெரிக்க ஓபோப் பாணிக்கே அடித்தளம் இட்டார். அங்கே சீவாளியை நுனியிலிருந்து நூல் கட்டு வரை நெடுகச் சீவுகிறார்கள். நாதம் இருண்டு திரண்டு கேட்கும். ஐரோப்பாவில் நுனியை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் சீவுகிறார்கள். அந்த நாதம் வேறு, மூச்சின் அழுத்தமும் வேறு. ஒரு பாணியில் தேர்ந்தவர் மற்றதற்கு மாறுவது ஏறத்தாழப் புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். ஆகவே எந்தக் கண்டத்தில் வேலை தேடப் போகிறீர்கள் என்பதைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

வியன்னா இந்த இரண்டிலும் சேராது. வியன்னா பில்ஹார்மோனிக் வாசிப்பது வியன்னா ஓபோ என்னும் தனிக் கருவி. அதன் துளையும் விரல் அமைப்பும் சீவாளியும் வேறு. அந்தக் குழுவில் சேர முதலில் வியன்னா அரசு ஓபெராவின் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் பெற்று, அங்கே மூன்று ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அந்த ஊரில் பயிலாத ஒருவர் அந்த நாற்காலியைக் கனவு காண்பதில் பொருளில்லை.

நான்காம் படி: கல்லூரி

பிரிட்டனில் இசைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் மற்றப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைவிட முன்னதாகவே, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. நேர்முக வாசிப்பு பெரும்பாலும் குளிர்காலத்துக்கு முன்பே நடந்து முடிகிறது. ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன் ஆகியவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதை விட, அங்கே கற்பிப்பவர் எந்த ஆர்க்கெஸ்ட்ராவில் அமர்கிறார் என்று கேளுங்கள். நாளை உங்களை ஒரு நாள் வேலைக்கு முதலில் அழைக்கப் போகிறவர் அவராகவே இருப்பார். சேரும் முன் அவரிடம் ஒரு தனிப்பாடம் கேட்டுப் பெறுவது வழக்கத்தில் உள்ளதே. அதில் கூச்சம் வேண்டாம்.

ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை; ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அமெரிக்காவின் கர்ட்டிஸ் கழகம் 1928 முதல் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஓபோவுக்கு அங்கே உள்ள இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பட்டத்தைவிடப் பயன்படுவது ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒட்டி அமரும் பயிற்சித் திட்டங்கள். 1972-இல் தொடங்கிய பெர்லின் பில்ஹார்மோனிக்கின் கராயன் அகாடமி, லண்டன் பில்ஹார்மோனிக்கின் ஃபாயில் ஃபியூச்சர் ஃபர்ஸ்ட்ஸ், மயாமியின் நியூ வேர்ல்டு சிம்பொனி ஆகியவை இவ்வகை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர் எப்போது மூச்சு விடுகிறார் என்பதைக் கற்க வேறு இடம் இல்லை.

ஐந்தாம் படி: தேர்வு

காலியிட அறிவிப்புகளை அமெரிக்காவில் இசைக் கலைஞர் சங்கத்தின் மாத இதழிலும், ஜெர்மனியில் தொழில் இதழிலும் இணையத்திலும், பிரிட்டனில் ஆர்க்கெஸ்ட்ராக்களின் சொந்தத் தளங்களிலும் காணலாம். விண்ணப்பிப்பவர் எல்லோருக்கும் அழைப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜெர்மனியில் அழைப்புக் கடிதம் பெறுவதே ஒரு தேர்வு. மாணவராக இருந்தாலும் நல்ல இளைஞர் குழுக்களில் வாசித்த அனுபவம் விண்ணப்பத்தில் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் முதல் சுற்று திரைக்குப் பின்னால் நடக்கும். பாஸ்டன் சிம்பொனி 1952-இல் திரையைப் பயன்படுத்தியது. 1970-களுக்குப் பிறகு அது பரவலாயிற்று. காலணியின் ஓசையிலிருந்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக நடைபாதையில் கம்பளம் விரிப்பதும் உண்டு. திரைக்குப் பின்னால் நீங்கள் ஓர் எண் மட்டுமே; சந்தேகம் கேட்க வேண்டுமானால் உடன் வரும் உதவியாளரின் காதில்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியில் நடுவர் குழுவாக அமர்வது பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ராவே. உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

எல்லா நாடுகளுக்கும் பொதுவானது மோட்சார்ட்டின் சி மேஜர் ஓபோ கான்செர்ட்டோ, அதாவது தனி ஓபோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு. 1777-இல் சால்ஸ்பர்க்கின் ஓபோக் கலைஞர் ஜுசெப்பே ஃபெர்லெந்திஸுக்காக எழுதப்பட்ட இதன் முதல் பகுதியின் தொடக்கத்தைத்தான் நடுவர்கள் கேட்பார்கள். ஓபோ உள்ளே நுழைந்தவுடன் ஒரு சிறு ஓட்டத்தில் மேல் சி ஸ்வரத்துக்கு ஏறி, அங்கேயே நான்கு தாள அளவுகள் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு ஸ்வரத்திலேயே மூச்சு, சுருதி, சீவாளி, நரம்பு ஆகிய அனைத்தும் தெரிந்துவிடுகின்றன என்று பலமுறை நடுவராக அமர்ந்தவர்கள் சொல்வது மிகையன்று. பலருடைய தேர்வு, அவர்கள் அறியாமலேயே, அந்தச் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அடுத்து ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட திறனைச் சோதிக்கவே பட்டியலில் இருக்கிறது. அந்தத் திறன் எது என்பதை அறிந்து பயில வேண்டும். ரோசினியின் பட்டு ஏணி ஓபெரா முன்னிசையில் நாக்கின் வேகத்தையும் தெளிவையும் பார்க்கிறார்கள். ராவேலின் கூப்பெரன் நினைவாஞ்சலியில் விரல்களின் சமநிலையையும், எங்கே திருட்டுத்தனமாக மூச்சு எடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியில் வரும் இறுதி ஊர்வலப் பகுதி, ஓசையின்றித் தொடங்கும் கட்டுப்பாட்டுக்கு. சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை எளிமையாக வாசிக்கும்படி அவரே எழுதி வைத்திருக்கிறார். அதில் உணர்ச்சியை அள்ளிக் கொட்டுபவர்கள் தோற்றுப்போகிறார்கள். பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியில் முதல் மெட்டு முழுவதும் ஓபோவுக்கே உரியது. மேடையில் வயலினோடு நின்றுகொண்டு ஓபோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க விரும்பாததால் வயலின் மேதை சரசாத்தே அதை வாசிக்க மறுத்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

இரண்டாம் ஓபோ இடத்துக்குப் போட்டியிடுபவர்கள் இந்தப் பட்டியலை மட்டும் பயின்றுவிட்டுப் போகக் கூடாது. இரண்டாமவரின் வேலை கீழ் ஸ்வரங்களை மூச்சு விடும் ஓசைக்கு மேல் ஏறாமல் தொடங்குவதும், முதன்மையானவரின் சுருதிக்குள் தம் சுருதியை மறைத்துக்கொள்வதும். ஓபோவின் கூம்பு வடிவத் துளையில் கீழே போகப் போக ஓசை தானாகப் பெருகும் என்பதால் இது மேல் ஸ்தாயியில் வேகமாக ஓடுவதை விடக் கடினம். இந்த வேலையை விரும்பிச் செய்பவர்கள் குறைவு. நல்ல இரண்டாம் ஓபோ கிடைத்த முதன்மைக் கலைஞர் அவரை விடமாட்டார்.

கோர் ஆங்கிலேயும் கட்டாயம் பயிலுங்கள். ஓபோவுக்கு ஐந்து ஸ்வரம் கீழே ஒலிக்கும் இந்தக் கருவியில்தான் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியின் புகழ்பெற்ற மெல்லிசையும் சிபேலியஸின் துவோனெலா அன்னமும் வருகின்றன. அழைப்பின் பேரில் வேலை செய்பவருக்கு முதல் வாய்ப்புகள் பெரும்பாலும் இந்த வழியாகவே வருகின்றன; ஒரே கச்சேரியில் இரண்டு கருவிகளையும் வாசித்தால் பிரிட்டனின் சங்க ஒப்பந்தங்களின்படி கூடுதல் தொகையும் உண்டு.

தேர்வு நாளன்று அந்த அரங்கின் காற்று எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியாது. உலர்ந்த அரங்கில் சீவாளி மூடிக்கொள்ளும். ஈரமான அரங்கில் வாய் பிளக்கும். ஒரே குணமுள்ள மூன்று சீவாளிகளை விட, சற்றே வேறுபட்ட மூன்றைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம். சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதம் ஒரு கட்டும் பெட்டியில் இருக்கட்டும்; துளையில் நீர் கோத்துக்கொண்டால் அதை ஒற்றி எடுக்க அதற்கு ஈடான பொருள் இல்லை. புகைபிடிக்காத கலைஞர்கள் அந்தக் கடைகளில் வரிசையில் நிற்பதன் காரணம் இதுதான்.

ஆறாம் படி: சோதனைக் காலம்

தேர்வில் வென்றவுடன் வேலை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பிரிட்டனில் தேர்வில் தேறிய சிலரை மாறி மாறி அழைத்து, பல நிகழ்ச்சிகளில் குழுவோடு வாசிக்க வைப்பார்கள். இது பல மாதங்கள் நீளும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காலம் முழுவதும் உங்கள் போட்டியாளர் யார் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் வேறு குழுக்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஜெர்மனியில் வழக்கமாக ஓராண்டுச் சோதனை. அதன் முடிவில் குழு வாக்களிக்கும். அமெரிக்காவில் பொதுவாக ஓரிரு கச்சேரிப் பருவங்கள் கழித்தே நிரந்தரம். 1995 முதல் சிகாகோவில் முதன்மை ஓபோவாக இருந்த அலெக்ஸ் க்ளைன், விரல்களின் இயக்கத்தைக் கெடுக்கும் நரம்பியல் கோளாறால் 2004-இல் விலகி, 2016-இல் மீண்டும் தேர்வில் வென்று அதே நாற்காலிக்குத் திரும்பினார். அவருக்கும்கூட அந்த முறை நிரந்தரப் பணி வழங்கப்படவில்லை.

இந்தச் சோதனைக் காலத்தில் பார்க்கப்படுவது தனித்திறமை மட்டுமன்று. அது தேர்விலேயே தெரிந்துவிட்டது. கிளாரினெட்டின் நாதத்தோடு கலக்கிறீர்களா, நடத்துநர் ஒன்றைச் சொன்னால் அடுத்த முறையே மாற்றுகிறீர்களா, பிறருடைய தனிப் பகுதி நடக்கும்போது சீவாளியைச் சீவிக்கொண்டு இருக்கிறீர்களா என்பவைதாம் கவனிக்கப்படும். ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்பே நாற்காலியில் இருங்கள். ஓபோக் கலைஞர் தாமதித்தால் குழு சுருதி சேர்க்கவே முடியாது.

சுருதி கொடுப்பது முதன்மை ஓபோவின் பொறுப்பு. ஏ ஸ்வரத்தை அவர் கொடுக்க, மற்றவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பொதுவாக 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பியக் கண்டத்தில் 442, 443 வரை போகும். மின்னணுச் சுருதி அளவியை இசைத்தாள் தாங்கியில் வைத்துக்கொண்டு பார்த்தே பலரும் கொடுக்கிறார்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. அந்த ஸ்வரத்தை அலங்காரமோ அசைவோ இல்லாமல், தொடங்கிய இடத்திலேயே நிறுத்திக் கொடுங்கள். புதியவர் கொடுக்கும் முதல் ஏ ஸ்வரத்தை மொத்தக் குழுவும் உற்றுக் கேட்கும்.

பணம்

நிரந்தர இடம் என்றாலே மாதச் சம்பளம் என்று நினைப்பது லண்டனில் தவறு. லண்டன் சிம்பொனி, லண்டன் பில்ஹார்மோனிக், பில்ஹார்மோனியா, ராயல் பில்ஹார்மோனிக் ஆகிய நான்கும் கலைஞர்களே நடத்தும் குழுக்கள். உறுப்பினர்கள் சுயதொழில் செய்பவர்களாக, வாசித்த நிகழ்ச்சிக்குத்தான் பணம் பெறுகிறார்கள். நோயில் படுத்தால் வருமானம் நின்றுவிடும் என்பதால் வருமானக் காப்பீடு அவசியம். பி.பி.சி. ஆர்க்கெஸ்ட்ராக்கள், மான்செஸ்டரின் ஹாலே, பர்மிங்ஹாம் சிம்பொனி போன்றவற்றில் சம்பளம் உண்டு. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் அடிப்படை ஆண்டு ஊதியமே ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். பிரிட்டனில் இது கனவு. ஜெர்மனியில் ஊதியம் கூட்டு ஒப்பந்தப்படி அமைகிறது. ஆனால் 1992-இல் 168-ஆக இருந்த அங்குள்ள பொதுநிதி ஆர்க்கெஸ்ட்ராக்களின் எண்ணிக்கை இப்போது 130-க்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே கற்பித்தலையும் திரைப்பட ஒலிப்பதிவையும் சேர்த்தே வாழ்க்கையைத் திட்டமிடுங்கள். ஒலிப்பதிவுக்குத் தேவை ஒன்றுதான்: முன்பின் பார்த்திராத தாளை முதல் முறையே பிழையின்றி வாசிப்பது. நாணல், கத்தி, கருவிப் பழுது ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சுயதொழில் வரிக் கணக்கில் அவை செலவாகக் கழியும்.

உடல்

ஓபோ வாசிப்பவர் மூச்சுப் பற்றாக்குறையால் திணறுவதில்லை. மூச்சு மிகுதியால் திணறுகிறார். சீவாளியின் துளை அவ்வளவு சிறியது என்பதால் நுரையீரலில் இருப்பதில் சிறு பகுதியே வெளியேறுகிறது. மற்றது உள்ளேயே பழையதாகிக் கிடக்கிறது. எனவே மூச்சு எடுக்கும் இடங்களைப் போலவே, மூச்சை எடுக்காமல் வெளியே விட மட்டும் வேண்டிய இடங்களையும் தாளில் குறித்து வைக்க வேண்டும். இதைக் கற்காதவர்கள் நீண்ட பகுதியின் முடிவில் தலைசுற்றிச் சிவந்து நிற்பதைக் காணலாம்.

கருவியின் எடை முழுவதும் வலது கட்டைவிரலின் மேல் இறங்குகிறது. கழுத்துப்பட்டை மாட்டிக்கொள்வதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கருதும் வழக்கம் மறைந்துவிட்டது. வலி வரும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மேடைக் கலைஞர்களுக்கான மருத்துவச் சங்கம் கட்டணமின்றி முதற்கட்டப் பரிசோதனை செய்கிறது. மேடை நடுக்கத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவர்கள் எல்லாக் குழுக்களிலும் உண்டு. நண்பர் தருவதை வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

காது கடைசியாக நினைவுக்கு வருவதும் முதலில் கெடுவதும் ஆகும். ஓபோக்கள் குழுவின் நடுவில் அமர்கின்றன. டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் பின்னால் இருக்கின்றன. பிரிட்டனில் பணியிட இரைச்சல் விதிகள் 2008 ஏப்ரல் முதல் இசைத் துறைக்கும் பொருந்தும். ஓபெரா ஒத்திகையில் பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் அமர்ந்து காது கெட்ட ஒரு வியோலாக் கலைஞருக்குச் சாதகமாக லண்டன் உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. காதடைப்பான் மாட்டிக்கொண்டு ஓபோ வாசிப்பது எளிதன்று; சீவாளியின் அதிர்வு மண்டைக்குள் பெரிதாகக் கேட்டு, வெளியே உங்கள் ஓசை எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். அச்செடுத்துச் செய்த காதடைப்பானை முதலில் வீட்டில், தனிப் பயிற்சியில் சில வாரங்கள் பழகிய பிறகே ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு கேட்புத்திறன் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையைப் பணி ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து எதையேனும் நிரூபிக்க வேண்டி வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாள்தான் இருக்கும்.